உன் கடைசிக் குப்பி

அன்பு மாப்ள இளங்கோ,

நீ விபத்தில் போன பிறகு, நம் நோய் எதிர்ப்பியல் துறையில் ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. காசநோயாளியின் அணுக்களோடு ஒப்பிட ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்றால், நீதான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவாய். எனக்கோ ஊசியைப் பார்த்தாலே வேர்த்துவிடும். "பருத்திப்பால் வாங்கிக் குடுடா, ஒனக்கும் சேத்து நானே குடுத்துட்டுப் போறேன்" என்பாய்.

சொல்ல வந்தது வேறு. நீ தொடங்கிய சோதனையை இன்னொரு முறை செய்து காட்டினால்தான் ஆய்விதழில் ஏற்பார்களாம். அதற்கு உன் வெள்ளை அணுக்களே வேண்டும். உறைய வைத்ததில் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். எடுத்தால் உன் உழைப்பு முழுமையாகும். உன்னில் உயிரோடு மிஞ்சியிருப்பது தீர்ந்துபோகும்.

துறைத் தலைவர் மேடம் என்னையே முடிவெடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு மனசே வரவில்லை. குப்பி உறைந்து கிடக்கும் நைட்ரஜன் தொட்டியைத் திறப்பேன், பார்ப்பேன், மூடிவிடுவேன். என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

கடைசியில் அலங்காநல்லூருக்குப் போய் உன் அம்மாவிடமே கேட்டேன்.

"அவன் சட்டையெல்லாம் தம்பிதான் போட்டுக்கிட்டுத் திரியுறான். பூட்டி வச்சா பூச்சிதான்யா அரிக்கும். எடுத்து வேலையப் பாரு. எடுக்கையில எனக்கு ஒரு தடவ காட்டு" என்றார்.

இன்று காலை வந்தார். செல் வளர்ப்பு அறை வாசலில் நம்மைப் போலவே செருப்பைக் கழற்றினார். சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி தலையைக் கோதிக்கொண்டார். குப்பியை அவர் கண்ணெதிரே உருக்கி, அணுக்களைத் தட்டில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இம்புட்டும் அவனாய்யா?"

"ஆமாம்மா."

"அதுகளுக்குத் திங்க என்ன குடுக்குறீக?"

ரோஸ் நிறத் திரவத்தைக் காட்டி, இதுதான் சாப்பாடு என்றேன்.

"கொறையில்லாம ஊத்து. அவன் பசி தாங்க மாட்டான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தட்டை இன்குபேட்டருக்குள் வைத்தேன். அம்மா கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்போம் என்று சொன்னதும் கையை எடுக்க அவருக்கு மனமில்லை.

நீ நினைத்தபடி முடிவு வந்தாலும் வராவிட்டாலும் முதல் போன் அம்மாவுக்குத்தான். கிளம்பும்போது, "ராவுல அவன் தனியாவா கெடப்பான்?" என்று கேட்டார். இல்லம்மா, முடிகிற வரை நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். இருப்பேன் மாப்ள.

உன் மச்சான்,
சரவணன்