சத்தமில்லாத மூன்று நிமிடம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவின் தலைமுடிதான் சுகமில்லை, அதை அப்புறம் சொல்கிறேன். போனில் பேசாமல் இதென்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ ஒன்பது பேச்சு பேசிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது, அதனால்தான். முழுதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

விஷயம் உன் தங்கையின் படிப்புதான். பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வருடத்துக்கு அவள் சினிமாவை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. படம் பாக்கறதுக்கு எதுக்கும்மா பள்ளிக்கூடம், சோபாவுல உக்காந்து பாத்தா போதாதா என்றாய். இந்த மாசத்துக்குள்ள அதை விட்டுட்டு வேதியியல் எடுக்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு என்றாய். நானும் சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டினேன். அந்தச் சரிப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அவள் என்ன படிக்கிறாள் என்று முதலில் கேள். நானும் உன்னைப் போல, இருட்டில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேமராவை ஏன் தரையோடு வைத்தார்கள், அதில் வருகிற அம்மாள் பேசும்போது முகத்தைக் காட்டாமல் ஏன் கதவைக் காட்டுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள். பரீட்சை உண்டு, மார்க் உண்டு, ஆசிரியையின் சிவப்புப் பேனாவும் உண்டு. முதல் கட்டுரைக்கு அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்திருந்தால் உன்னுடைய வேதியியல் மார்க் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் யாரும் சொல்லாமலே முழுதையும் திருப்பி எழுதினாள். வேறு எந்தப் பாடத்துக்கும் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் ஒருவரைப் பற்றி மூன்று நிமிடப் படம், பேச்சு பாட்டு சத்தம் எதுவும் கூடாது, பார்த்தே புரிய வேண்டும். அவள் முதலில் அப்பாவைத்தான் எடுத்தாள். முன்னறையில் வழக்கம்போல ரிப்பேருக்கு வந்த பிரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அப்பா ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருப்பார், உனக்குத் தெரியாததா. சனிக்கிழமை பாதி எடுத்துவிட்டு மீதியை மறுநாள் எடுக்கலாம் என்று விட்டாள். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா, பள்ளிக்கூடமே பார்க்கப்போகிறதே என்று அன்று சாயங்காலம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் எடுத்ததையும் ஒட்டிப் பார்த்தால், வெள்ளைத் தலையோடு பிரிட்ஜுக்குள் குனிகிறவர் கன்னங்கரேல் என்று வெளியே நிமிர்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா பாவம், சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், முடி செம்புச் சொம்பு மாதிரி ஆனதுதான் மிச்சம். கேட்கிறவர்களிடம் பிரிட்ஜு கேஸ் பட்டுருச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படம் போயிற்று. கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. சரி, உன்னையே எடுத்துடறேம்மா என்றாள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் கேமராவை விடமாட்டார்கள், அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் காலை வேலை முடிந்து வந்ததிலிருந்து வீட்டிலேயே ஒரு மூலையில் அதை நிறுத்திவைத்து, நீ உன்பாட்டுக்கு இரும்மா, அதைப் பாக்காதே என்றாள். கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தது, அப்புறம் மறந்தே போனேன். அன்று மத்தியானம்தான் நீ கூப்பிட்டாய், அந்த வேதியியல் பேச்சு பேசினாய்.

போன வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் படங்களைப் போட்டார்கள். அப்பா தலையை வெளியே காட்ட வெட்கப்பட்டு வரவில்லை. நான் வேலையிலிருந்து நேரே போனேன். நம் வீட்டுப் படத்தில் நான் வருகிறேன், செருப்பைக் கழற்றுகிறேன், நாற்காலியில் விழுந்து வீங்கின காலை ஸ்டூல் மேல் தூக்கிப் போட்டுப் பிடித்துவிட்டுக்கொள்கிறேன். போனில் வெளிச்சம் வருகிறது. எடுத்து யாரென்று பார்த்தவள் சட்டென்று எழுந்து நிற்கிறேன் பெரியவனே. கையை உடுப்பில் துடைக்கிறேன், முடியை ஒதுக்குகிறேன், முதுகை நிமிர்த்துகிறேன். பேசி முடிக்கும்வரை உட்காரவே இல்லை, தலை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. போனை வைத்த பிறகுதான் பின்னால் கையால் துழாவி நாற்காலியைப் பிடித்து உட்காருகிறேன். அவ்வளவுதான் படம். என் பக்கத்தில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர், அவருடைய பெண்ணும் அதே வகுப்பு. என் பக்கம் குனிந்து, போன்ல யாருங்க, உங்க மேலதிகாரிங்களா என்று கேட்டார். இல்லீங்க, என் மகன் என்றேன்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நீ என்னை நிற்கச் சொன்னதில்லை, யாருமே சொன்னதில்லை, எப்போதிருந்து நிற்க ஆரம்பித்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. வரும் வழியில் உன் தங்கையைக் கேட்டேன், வேணும்னே அதை வச்சியா என்று. அண்ணன் போன்னா நீ எப்பவும் அப்படித்தாம்மா நிப்பே, உனக்குத்தான் தெரியாது என்றாள், குறையாகக்கூடச் சொல்லவில்லை. படம் பார்க்கப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டாயே, எனக்கு அன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அதனால் கேட்டுக்கொள். படம் முடிந்ததும் ஆசிரியையிடம் போய், இவள் பாடம் மாறாது, இவள் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னாலும் மாறாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், பெரியவன் கோவிச்சுக்குவானே என்று அப்பா இழுத்தார். கோவிச்சுக்கட்டும், என் பிள்ளைதானே என்றேன். அவள் நாளைக்கு எப்படிப் பிழைப்பாள் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியும், தங்கைமேல் உயிரையே வைத்திருக்கிறாய், அதுவும் தெரியும். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. நீ மெஷின் படிப்பு எடுத்தபோதும் இருந்தது, உன்னைத் தடுத்தேனா? மற்ற பாடங்களில் அவள் பின்தங்கினால் காதைத் திருக நான் இருக்கிறேன். படத்தை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு அவளிடமே பேசு, அதட்டாமல் பேசு, கேமராவை ஏன் அந்த மூலையில் வைத்தாய் என்று கேள், மணிக்கணக்கில் சொல்லுவாள். பின்னால் அலமாரிக் கண்ணாடியில் அப்பாவின் தலை தெரியும், அதைப் பார்த்துச் சிரித்ததாக மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

முதுகுவலிக்கு அந்தத் தைலம் போடுகிறாயா, விடிய விடியக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்காதே. மருமகளுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இதைப் படித்துவிட்டு ரோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமல் இருந்துவிடாதே. போனைச் சார்ஜில் போடுகிற ஜன்னலோரத்துக்கு இப்போதே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
அதே நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு,
உன் அம்மா