டப்பாவில் சிரிக்கும் மாமா

கோத்தகிரி,
ஆடி 9.

விஞ்ஞான சிகாமணியும் ஸ்டார்ட்அப் முதலாளியுமான என் தங்கச்சி மகள் சசிரேகாவுக்கு, மூன்றேகால் ஏக்கர் தேயிலைச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி ஞானசேகரன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே மழைக்குக் குறைவில்லை. பனி எப்படியென்றால், என் மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். உன் அத்தை லீலாவதி நலம். நலமாக இருந்துகொண்டே என்னோடு பேசாமல் பதினோரு நாள் ஆகிறது.

நாற்பது தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

பன்னிரண்டு நாளைக்கு முன் மஞ்சூர் போயிருந்தேன். உரக்கடை வாசலில் எனக்கு ஆள் உயரப் படம் வைத்திருக்கிறார்கள். உன் மருந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறேன். என்னிடம் இருப்பதே பத்தொன்பதுதான், மீதியைக் கம்ப்யூட்டரில் நட்டிருக்கிறீர்கள். 'தேயிலைக் கொப்புள நோயை விரட்டியவர்' என்று பட்டம் வேறு. டப்பாவிலும் அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நம்பி வாங்கியவள் மஞ்சூர் வேலாமணி. அவள் அப்பா சிலோனிலிருந்து வந்து, கூலி வேலை செய்து சேர்த்த அரை ஏக்கர்தான் அவளுக்கு. எப்போதும் அடிக்கிற காப்பர் மருந்தை நிறுத்திவிட்டு உன் மருந்தை அடித்திருக்கிறாள். இப்போது கொழுந்து முழுக்க வெள்ளைக் கொப்புளம். ஃபேக்டரி லாரிக்காரன் இரண்டு தடவை இலையைத் திருப்பிவிட்டான். "உங்க மூஞ்சி போட்டிருக்கே, பொய்யாவா இருக்கும்னு நெனச்சேனுங்கண்ணா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பொய்யை நீ மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் வளர்த்த நுண்ணுயிர் மருந்தோடு, போன வருஷ மழையில் என் தோட்டத்துக்கு வந்தாய். சிவப்பு நாடா கட்டிய வரிசைக்கு மருந்து, வெள்ளை நாடாவுக்கு வெறும் தண்ணீர். "ஒண்ணும் பண்ணாதீங்க மாமா, வேடிக்கை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போனாய். மூன்றாம் வாரம் சிவப்பு நாடாவிலும், கொப்புளத்துக்கு முன்னால் வருமே, அந்த எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. முதலீடு போடுகிறவர்கள் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பார்க்க வருவதாக நீ சொல்லியிருந்தாய். என் தங்கச்சி மகள் தோற்பதா? சிவப்பு நாடா வரிசைக்கு மட்டும் கமுக்கமாகக் காப்பர் அடித்தேன். நாலு தடவை. வந்தவர்கள் இலையைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். உன் பேராசிரியர் செந்தில்நாதன் கண் கலங்கினார். நான் வெட்கமில்லாமல் ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன்.

குற்றம் என்னுடையது. ஈரேழு பதினாலு லோகத்திலும் எனக்கு மன்னிப்பு கிடையாது. ஆனால் தை மாதம் உன் கண்ணாடி ஆபீசுக்கே வந்து எல்லாவற்றையும் சொன்னேனே. நீ என்ன சொன்னாய்? "பணம் வந்துருச்சு மாமா, இருபத்தாறு பேர் வேலை பாக்கறாங்க. வேற தோட்டத்துல மறுபடி சோதிச்சுட்டுத்தான் விப்போம், நீங்க வாயத் தொறக்காதீங்க." பிறந்ததிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தது இந்த ஆறு மாதம்தான். எந்தத் தோட்டத்தில் சோதித்தாய் கண்ணு? வேலாமணி தோட்டத்திலா?

நான் ஏமாற்றியது உன்னை. நீ ஏமாற்றுவது அவளை.

வரும் ஞாயிறு மஞ்சூரில் சிறு விவசாயிகள் கூட்டம். எழுந்து நின்று சொல்லப்போகிறேன். அதைக் கேட்ட நாளிலிருந்துதான் உன் அத்தை பேசுவதில்லை. பிள்ளை பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறேனாம். போடத்தான் போகிறேன். வேறு வழி தெரிந்தால் உன் படிப்பு சொல்லட்டும்.

அதற்கு முன் நீயே வந்து சொல்லிவிடேன். விற்பதை நிறுத்து. காப்பருக்குத் திரும்பச் சொல். திட்டுவார்கள்; பக்கத்தில் நின்று முக்கால் பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பழக்கம்தான். உன் மருந்து இன்னும் தேறவில்லை, அவ்வளவுதானே? ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போ. தோட்டத்தை மறுபடி தருகிறேன். சோதனை முடியும்வரை என்னைக் கட்டிலோடு கட்டிப்போட உன் அத்தை தயார்.

ஞாயிறு காலை எட்டரைக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். போகிற இடமெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் இத்தனை நாள் பீற்றிக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் அதே பேரை என் வாயால் சொல்ல வைக்காதே சாமி. வந்துவிடு. நூறு வருஷம் நல்லாயிருப்பே.

உன் மாமா,
ஞானசேகரன்