புகையைத் தின்னவங்களுக்கு நல்ல காத்தும் வேணும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் அம்மாவும் தம்பியும் நோய் நொடி இல்லாம இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, தெம்பா இருப்பேன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். போன மாசம் நாம போன்ல பேசிக்கிட்டு இருந்தப்ப பாதியில நின்னுபோச்சில்ல, லைன் கட்டாயிடுச்சுன்னு அம்மா உன்கிட்டச் சொல்லியிருப்பா. லைன் ஒண்ணும் கட்டாகல கண்ணு, நான்தான் வெச்சுட்டேன். கோபத்துல பேசினா வார்த்தை தடிச்சிடும், எழுதினா ஒரு வரிக்கு ரெண்டு தடவை யோசிக்கலாமேன்னு இத்தனை நாள் பொறுத்தேன். யோசிச்சுப் பார்த்தும் கோபம் முழுசாப் போகல, அதையும் முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் உன் இஷ்டம்.

நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, எனக்கு அப்படியே இருக்கு. டீசல் பஸ் ஒழியத்தான் வேணும்ப்பா, நீங்க யாரும் குறுக்க நிக்காதீங்க, உங்களுக்கும் ஐம்பத்தாறு ஆச்சு, பேசாம வீட்டுல இருங்க, நான் பார்த்துக்கிறேன்னு சொன்னே. பார்த்துக்கிறேன்னு சொன்னது பாசம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா குறுக்க நிக்கிறேன்னு எப்படிம்மா சொன்னே? அந்தப் புகை நல்லதுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? முப்பத்தொரு வருஷமா பஸ் டிப்போ பள்ளத்துக்குள்ள இறங்கி, தலைக்கு மேல எஞ்சின் ஓட ஓட வேலை பார்க்கிறவன் நான். மூக்கைச் சிந்தினா கைக்குட்டை கறுப்பாகும். என் சட்டையை ஊறவெச்ச தண்ணியை அம்மா செடிக்குக்கூட ஊத்தமாட்டா, செடி செத்துப்போயிடும்பா. போன வருஷம் நெஞ்சு டாக்டர் என்னை ஒரு குழாயில ஊதச் சொல்லி, முள்ளைப் பார்த்துட்டு, நீங்க எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்கன்னு கேட்டார். ஒரு நாள்கூடப் பிடிச்சதில்லைன்னேன், அவர் நம்பல. அப்புறம் தொழில் என்னன்னு கேட்டுட்டு, சரின்னு தலையை ஆட்டினார். இதை உன்கிட்டச் சொல்லவேண்டாம்னு அம்மாகிட்ட நான்தான் சொல்லி வெச்சிருந்தேன், பயப்படாதே, மருந்து ஒழுங்காச் சாப்பிடறேன். நான் கேட்கிறது ஒண்ணுதான். ஊர் மொத்தத்துக்கும் முன்னாடி அந்தப் புகையைத் தின்னவங்க நாங்க. புகை போய் நல்ல காத்து வர்ற அன்னைக்குப் பார்த்து, எங்களைக் கூப்பிட்டு வெளியில போங்கன்னா, அது எந்த ஊர் நியாயம்?

நடந்ததை முறையாச் சொல்றேன். மின்சார பஸ் ஆறு வந்து இறங்குச்சு. பார்க்க அழகுதான், நான் இல்லேங்கல. சத்தமே கிடையாது. எனக்கு அதுதான் முதல் தலைவலி, டீசல் வண்டின்னா வாசல்ல நுழையும்போதே காதால கேட்டு எங்க வலின்னு சொல்லிடுவேன், இது கோவிச்சுக்கிட்டுப் பேசாம உட்கார்ந்திருக்கிற அம்மா மாதிரி, என்ன குறைன்னே தெரியமாட்டேங்குது (இந்த வரியை அம்மாகிட்டப் படிச்சுக் காட்டாதே). வந்த மறுநாளே மேனேஜர் எங்க பதினொரு மெக்கானிக்கையும் கூப்பிட்டு, இந்த வண்டிகளை பஸ் கொடுத்த கம்பெனி ஆளுங்க பார்த்துப்பாங்க, டீசல் வண்டி கழியக் கழிய நீங்க பஸ் கழுவுற பக்கம் போயிடுங்க, பிடிக்காதவங்க எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம்னுட்டார். முப்பத்தொரு வருஷத்தை முப்பது நொடியில முடிச்சுட்டார். நாங்க கிளட்ச்னு பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடுறவன் இருக்கானே, பல்லைக் கடிச்சுக்கிட்டே மெதுவாப் பேசுவானே, என்கூட வேலைக்குச் சேர்ந்தவன், அவன் வெளிய வந்ததும் கேட்டைப் பூட்டிட்டுப் புது பஸ் முன்னாடி படுத்துடுவோம்னான். எல்லாரும் படுப்போம்னு ஒரே கூச்சல். நான்தான் வேண்டாம்னேன். பஸ்ஸை மறிச்சா நாளைக்குச் சனம் நம்மைப் பார்த்துப் புகைக்கு வக்காலத்து வாங்க வந்தவங்கன்னு காறித் துப்பும், நமக்கு அந்த பஸ் வேண்டாம்னா சொல்றோம், அந்த பஸ்ஸைத் தொட எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கன்னுதானே சொல்றோம்னு கேட்டேன். கிளட்ச் என்னை ரெண்டு நாள் மேனேஜரோட மச்சான்னு கூப்பிட்டான். கூப்பிட்டுட்டுப் போகட்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பழைய வேலைச் சீட்டையெல்லாம் கட்டுக் கட்டா எடுத்து உட்கார்ந்து பிரிச்சோம். எந்த பஸ் எதுக்காகப் பட்டறைக்கு வந்துச்சுன்னு அதுல இருக்கும். பாதிக்கு மேல எஞ்சினுக்காக வரவே இல்ல கண்ணு. பிரேக், கதவு, சஸ்பென்ஷன், வைப்பர், உடைஞ்ச சீட். இதெல்லாம் மின்சார பஸ்ஸுலயும் இருக்கே, கதவு என்ன காத்துலயா தொங்குது? அந்த வேலைச் சீட்டையெல்லாம் மேனேஜர் மேஜை மேல வெச்சு, மிச்சம் இருக்கிற மின்சார வேலையை எங்களுக்குக் கத்துக்கொடுங்க சார்னு கேட்டோம். நாளைக்கு ஆரம்பிக்கிற மின்சார பஸ் வகுப்பு கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்தான், உங்க பேர் பட்டியல்ல இல்லன்னார். சரின்னு வணக்கம் சொல்லிட்டு வந்து, மறுநாள் காலையில பதினொரு பேரும் வகுப்புக்குள்ள போய்ப் பின்பக்கம் தரையில உட்கார்ந்துட்டோம்.

பாடம் எடுக்க வந்தது உன் வயசுப் பொண்ணு. பேர் இல்லாதவங்க வெளிய போங்கன்னுச்சு. போகல. மேனேஜர் வந்து கத்தினார். போகல. கடைசியில அந்தப் பொண்ணு ஒரு ரப்பர் கையுறையைத் தூக்கிக் காட்டி, இதுல ஓட்டை இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்கன்னு எங்களையே கேட்டுச்சு. கிளட்ச் எழுந்து, சைக்கிள் ட்யூப் மாதிரித் தண்ணியில முக்கிப் பார்ப்பேன்னு சொல்லிட்டான். ஈரக் கையுறையோட பஸ்ஸோட மின்சாரக் கேபிளைத் தொட்டா அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல நீங்க இருக்கமாட்டீங்கன்னுச்சு அந்தப் பொண்ணு. கம்பெனிப் பசங்க சிரிச்சாங்க. எனக்கு அவமானமாத்தான் இருந்துச்சு, ஆனா கிளட்ச் அசரல, அதுக்குத்தாம்மா வந்திருக்கோம், சொல்லிக் கொடுன்னான். அந்தப் பொண்ணு கையுறை வாயைச் சுருட்டி உள்ளே காத்தை அடைச்சு, காத்து கசியுதான்னு காதுகிட்ட வெச்சுக் கேட்கணும்னு செஞ்சு காட்டுச்சு. அப்புறம் மேனேஜர்கிட்டத் திரும்பி, எத்தனை பேர் உட்கார்ந்தாலும் எனக்கு ஒரே தொண்டைதான் சார் வலிக்கப்போகுது, இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிடுச்சு. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

ரெண்டு வாரம் படிச்சேன். நீ பரீட்சைக்குப் படிக்கும்போது விளக்கை அணைன்னு திட்டுவேனே, அதுக்கெல்லாம் சேர்த்து இப்போ தம்பி என்னைத் திட்டினான். பரீட்சையில ஏழு பேர் தேறினோம், நான் தட்டுத் தடுமாறிக் கரையேறினேன். நாலு பேர் தேறல, அதுல கிளட்சும் ஒருத்தன். வேலை தெரியாம இல்ல, கேள்வித்தாள்ல இருந்த மொழி தெரியாம. உடனே மேனேஜர், ஏழு பேர் உள்ளே, நாலு பேர் கழுவுற பக்கம்னுட்டார். நான் தேறினதுக்குக் கொடுத்த புதுக் கையுறையைக் கழட்டி அவர் மேஜை மேல வெச்சேன். மத்த ஆறு பேரும் வரிசையா வந்து வெச்சாங்க. உங்களுக்கென்ன, தேறிட்டீங்களே, எதுக்கு வம்புன்னார். வம்புதான் சார், பதினொரு பேர் உட்கார்ந்த தரையில இருந்து ஏழு பேர் மட்டும் எழுந்திரிக்க மாட்டோம், அவங்களை வாயால கேளுங்க, வண்டி பக்கத்துல நிக்க வெச்சுக் கேளுங்கன்னேன். வெளியாளைக் கொண்டு வருவேன்னு மிரட்டினார். கொண்டு வாங்கன்னோம். ரெண்டு நாள் எந்த பஸ்ஸையும் நாங்க தொடல. உண்மையைச் சொல்றேன், அந்த ரெண்டு ராத்திரியும் வீட்டுக் கணக்கைத்தான் கூட்டிக் கழிச்சுக்கிட்டு இருந்தேன். தம்பிக்கு அடுத்த மாசம் காலேஜ்ல பணம் கட்டணும், அம்மாவுக்குத் தையல் கம்பெனியில வாரத்துல மூணு நாள்தான் வேலை. ஆனா அம்மா மூணாம் நாள் காலையில சாப்பாட்டுப் பையைக் கொடுக்கும்போது, கையுறையைத் திருப்பி வாங்கிட்டு வந்தீங்கன்னா ராத்திரிச் சோறு கிடையாதுன்னு மட்டும் சொன்னா.

அன்னைக்கே மேனேஜர் இறங்கி வந்தார். வண்டி பக்கத்துலயே பரீட்சை. அந்த வண்டியில மின்சாரத்தைத் துண்டிச்சப்புறமும் உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும், அஞ்சு நிமிஷம் காத்திருந்து, மீட்டரை வெச்சுப் பார்த்துட்டுத்தான் தொடணும். கிளட்ச் துண்டிச்சுட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். மேனேஜருக்கு அவசரம், போதும்ப்பா தொடு, எங்களுக்கு வேற வேலை இல்லையான்னார். கிளட்ச் திரும்பிக்கூடப் பார்க்காம, இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு சார், உங்களுக்கு அவசரம்னா நீங்க தொடுங்கன்னான். பாடம் எடுத்த பொண்ணு அந்த இடத்துலயே தாள்ல கையெழுத்துப் போட்டுடுச்சு. நாலு பேர்ல மூணு பேர் தேறிட்டாங்க. நாலாவது ஆளான வெல்டர் மட்டும் அன்னைக்கு வரவே இல்ல. ஒரு தடவை பட்ட அவமானம் போதும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், கதவைத் திறந்தார், உள்ளே வான்னு சொல்லல. அது எங்க தோல்விதான், உன்கிட்ட மறைக்கமாட்டேன்.

இப்போ உன் விஷயத்துக்கு வரேன். நீ அந்த ஆபீஸ்ல உட்கார்ந்து, எந்த ஊர் எத்தனை டீசல் பஸ்ஸை எப்போ நிறுத்தணும்னு அறிக்கை எழுதுறே. பெருமையா இருக்கு, பட்டறையில எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். போன வருஷம் நீ அனுப்பின அறிக்கையைத் தம்பியை விட்டுப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். எண்பது பக்கம். அதுல ஊழியர்களுக்கு மாற்றுப் பணி வழங்கப்படும்னு ஒரே ஒரு வரி. யார் வழங்குவா, எப்போ, யார் சொல்லிக் கொடுப்பாங்க, எந்த மொழியில, ஒண்ணும் இல்ல. அந்த வரிக்குள்ளதான் கண்ணு நானும் கிளட்சும் வெல்டரும் இருக்கோம். எங்க மேனேஜரும் அப்படி ஒரு வரியைத்தான் எங்க முன்னாடி படிச்சுக் காட்டினார், கழுவுறதும் மாற்றுப் பணிதானேன்னார். நீ கெட்ட எண்ணத்துல எழுதலன்னு எனக்குத் தெரியும். தெரியாம எழுதினே. இனிமே தெரியாதுன்னு சொல்லமுடியாது, அப்பா சொல்லிட்டேன். அடுத்த அறிக்கை எழுதுறதுக்கு முன்னாடி எந்த ஊரா இருந்தாலும் ஒரு டிப்போவுக்குப் போய், பள்ளத்துக்குள்ள இறங்கி நின்னு, அங்க இருக்கிறவங்களைக் கேட்டுட்டு எழுது. உன் மேலதிகாரி நேரமில்லன்னு சொன்னா, உங்கப்பன் மாதிரி பிடிவாதமா நில்லு, அது உன் ரத்தத்துலயே இருக்கு, ஆறு வயசுல காது குத்தவிடமாட்டேன்னு கட்டிலுக்கடியில போய்ப் படுத்தவதானே நீ.

வீட்டுச் சேதின்னு பெருசா ஒண்ணும் இல்ல. சமையலறைச் சுவர்ல ஒழுக்கு நின்னுடுச்சு. தம்பிக்கு மீசை வர்றதா அவன் சொல்றான், எங்க கண்ணுக்குத் தெரியல. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்ல, உன் பேச்சை எடுத்தா மட்டும் அதிகமாகுது, அதனால சீக்கிரம் வந்துட்டுப் போ.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. டிப்போவுல டீசல் பிடிக்கிற அக்கா, புருஷன் போனப்புறம் ரெண்டு பொண்ணுங்களைத் தனியா வளர்க்கிறவங்க, அவங்க வேலை இந்த வருஷக் கடைசியோட முடிஞ்சதுன்னு சீட்டுக் கொடுத்துட்டாங்க. மெக்கானிக்காவது பிரேக்கைக் காட்டி வாதாடலாம், டீசலே இல்லாத இடத்துல டீசல் பிடிக்கிறவங்களுக்கு எதைக் காட்டி வாதாடுறதுன்னு கிளட்சே திணறிட்டான். அந்த அக்காவே வந்து சொன்னாங்க, இத்தனை வருஷமா எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும், எதுக்கு எவ்வளவு வேணும்னு எனக்கு மனப்பாடம், சார்ஜ் போடுற இடத்துலயும் யாராவது அதைப் பார்த்துக்கணுமில்ல, அது ஏன் நானா இருக்கக்கூடாதுன்னாங்க. எங்க பத்து பேருக்கும் தோணாதது அவங்களுக்குத் தோணுச்சு. திங்கட்கிழமை காலையில மேனேஜரைப் பார்க்க அவங்க முன்னாடி நடப்பாங்க, நாங்க பின்னாடி போறோம். என்ன ஆகும்னு தெரியாது. முடியாதுன்னா செவ்வாய்க்கிழமையும் போவோம்.

நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயிக்கணும், ஆயுசோட ஆரோக்கியமா இருக்கணும்னு நானும் அம்மாவும் ஆசீர்வாதம் பண்றோம். குளிர் ஆரம்பிச்சுடுச்சுன்னு சொன்னியே, காதை மூடிக்காம வெளிய போகாதே. பதிலைப் போன்ல சொல்லாம கடிதமாவே எழுது, என்கூடச் சண்டை போடணும்னா தாராளமாப் போடு, தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்கு.

இப்படிக்கு,
பாசமும் கொஞ்சம் கோபமுமா,
இன்னும் மெக்கானிக்காவே இருக்கிற உன் அப்பா