கேபிளுக்கு இன்னும் எத்தனை வருஷம்

ஜூன் 9, திங்கள்
ஏழு மணிக்கே வெயில். நெசவுத் தெருவில் மின்சாரக் கேபிள் சோதனை. அறுநூறு மீட்டர், மண்ணுக்கடியில், ரொம்பப் பழசு. இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு நான் எழுதித் தரணும். மின் கசிவு அளவு மோசம். உள்ளே ஈரம் ஏறின மாதிரி.

ஆபீஸ் பெரிய சார் போனில்: "பூஜ்யம்னு எழுதிடும்மா சங்கரி. தெரு முழுக்கத் தோண்டி புதுசு போட்டுடலாம்."

தோண்டினால் மூணு மாசம். தினம் காலையில் அந்தத் தெருவில்தான் பாவு நீட்டுவாங்க. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு நூல். பள்ளத்து மேல எங்கே நீட்டுவாங்க?

"இன்னொரு தடவை பாத்துடறேன் சார்."

"வியாழனுக்குள்ள முடி."

வாங்க: கையுறை, குளுக்கோஸ், அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூன் 10, செவ்வாய்
துணைக்கு காதர் பாய். கேபிள் ஜாயின்ட் போடுறவர், பேச்சு கம்மி. மறுபடி சோதனை. மிஷின் ஒரே இடத்தைக் காட்டுது. 212 மீ. மத்த இடமெல்லாம் சுத்தம்.

"கேபிள் நல்லாத்தான் இருக்குது மேடம். அங்க ஒரு பழைய ஜாயின்ட் இருக்கும். அதுதான் தண்ணி குடிச்சிக்கினு கெடக்குது."

டேப் வச்சு அளந்தோம். சரியா ஒரு வீட்டு வாசப்படி முன்னால போய் நின்னது. சிரிப்பு வந்துடுச்சு.

மதியம் தயிர் சாதம், மாவடு.

ஜூன் 11, புதன்
அந்த வீட்டு அம்மா கனகம்மா. தறியை விட்டு எழுந்து வந்தாங்க.

"வெள்ளிக்கிழமை எம் பொண்ணப் பாக்க ஐயம்பேட்டைலேந்து வராங்கமா. வாசல்ல குழி வெட்டி வச்சா என்னா நெனப்பாங்க? நீயே சொல்லு."

"சரிமா, சனிக்கிழமை" என்றேன். சொன்ன பிறகுதான் பயம்.

பெரிய சார்: "வியாழன்னு சொன்னேனே. எதுனா ஆச்சுன்னா உன் பொறுப்பு." போனை வச்சுட்டார்.

சந்தேகக் கேபிளை நிறுத்தியாச்சு. தெரு முழுக்க கரண்ட் இப்போ மறு கோடியிலிருந்து வர்ற இன்னொரு கேபிள்லயே ஓடுது. அதுவும் போனா மொத்தத் தெருவும் இருட்டு.

ஜூன் 13, வெள்ளி
நெருப்பு வெயில். எல்லா வீட்டிலும் ஃபேன், ஏசி. மணிக்கு ஒரு தடவை லோடு பார்த்தேன். மூணு மணிக்கு உச்சம். தாங்குது. மதியம் சாப்பிட மறந்தே போச்சு.

ஆறு மணிக்கு கனகம்மா போன்.

"புடிச்சிருக்குதுன்னு சொல்லிட்டாங்கமா. நாளைக்கு தாராளமா தோண்டிக்கோ."

தட்டில் மிச்சம் இருந்த கேசரியை எனக்குன்னு எடுத்து வச்சிருக்காங்களாம்.

ஜூன் 14, சனி
நாலடி ஆழம். ஜாயின்ட் கிடைச்சது, அதே இடத்தில். காதர் பாய் பிரிச்சார். ஒரு டம்ளர் கறுப்புத் தண்ணி. இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்தார். உள்ளே கேபிள் பளிச்சுனு, காய்ஞ்சு, சுத்தமா.

பாய் குழியில் உட்கார்ந்து ரெண்டு மணி வரை புது ஜாயின்ட் போட்டார். கல்யாணப் பொண்ணு மேலே குடை பிடிச்சுக்கிட்டு நின்னா. "கை வலிக்கப் போவுது, குடும்மா" என்றேன். தரலை.

மறு சோதனை. காகிதத்தை நாலு தடவை பார்த்தேன். கசிவு அளவு நல்லா இறங்கியிருந்தது. பாய் கையைத் துடைச்சுக்கிட்டு பீடி தேடினார்.

கேசரியில் முந்திரி நிறைய.

ஜூன் 16, திங்கள்
அறிக்கை. 'மீதி ஆயுள்' என்ற கட்டத்தில் 'பன்னிரண்டு வருஷம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு சோதனை' என்று எழுதினேன். பதினைஞ்சுன்னு எழுத ஆசை. எழுதலை.

பெரிய சார் கண்ணாடியைக் கழட்டினார்.

"பன்னிரண்டா? அதுக்குள்ள வெடிச்சா யாரைம்மா கேக்கறது?"

"என்னைத்தான் சார். அப்போ எனக்கு நாப்பத்தாறு வயசு. இதே ஊர்லதான் இருப்பேன்."

பேனா கேட்டார். என் பேனாவிலேயே கையெழுத்து.