அக்காவின் கடைவாய்ப் பல்

ஜூன் 3, செவ்வாய்

ஈறில் கொப்புளம் மறுபடியும் வந்துவிட்டது. பல் துலக்கும்போது நாக்கில் தட்டுப்பட்டது. அழுத்தினால் உப்புக் கரிக்கிறது. இதே பல்லுக்குத் தம்பி ரூட் கெனால் செய்தான். சரியாகவில்லை என்று திறந்து இன்னொரு தடவையும் செய்தான். இது பல்லா, பாழுங்கிணறா?

குடிநீர்ப் புகார் மையத்தில் நாள் முழுக்க ஹெட்செட்டும் பேச்சும். "உங்கள் சிரமம் புரிகிறது" என்று சொல்லும்போதெல்லாம் இடது தாடை விண்விண் என்று தெறித்தது.

ஜூன் 4

இவரிடம் சொன்னேன். வேறு டாக்டரிடம் போயேன் என்றார், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். போகலாம்தான். ஆனால் தம்பி கிளினிக் திறந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. கூடப் பிறந்தவளே வேறு இடத்துக்குப் போனால் என்ன அர்த்தம்? அம்மா காதில் விழுந்தால் வீடு இரண்டுபடும். தினமும் ஊரார் புகாரையெல்லாம் கேட்கிறேன். என் புகாரைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். நான் ஒரு பக்கமாகவே மெல்வதைக் கவனித்துவிட்டான். ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னான். பார்த்தான். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வான். இன்று ஒன்றுமில்லை. நாளைக்குக் கிளினிக்குக்கு வா என்றதோடு சரி.

ஜூன் 9

பல் மட்டும் வெளியே தெரியும்படி வாயை மூடி ஒரு ரப்பர் ஷீட்டைப் போட்டான். எனக்கு அது ஆகவே ஆகாது, மூச்சு முட்டும். கழற்றச் சொல்லிக் கையை ஆட்டினேன். முன் இரண்டு தடவையும் கழற்றிவிட்டான். இன்று, "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா" என்றான். வேருக்குள்ளிருந்து மெல்லிய காகிதக் குச்சியால் எதையோ எடுத்துக் குப்பியில் போட்டான். ஆய்வகத்துக்காம். சில கிருமி மெதுவாகத்தான் வளருமாம்.

ஜூன் 15

வலி. மாத்திரை. தூக்கம்.

ஜூன் 21, சனி

ஆய்வகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. வளர்ந்தது தோலில் வாழும் கிருமி, எடுக்கும்போது ஒட்டியிருக்கும், பொருட்படுத்த வேண்டாம் என்று. தம்பிக்கு மனசு கேட்கவில்லை. சுற்றிலும் மருந்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். திரும்பவும் அந்த ஷீட். அலுத்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

தம்பி வந்தான். உள்ளே வராமல் பால்கனியிலேயே நின்றான். நான் போனேன்.

"ரெண்டாவது தடவையும் அதேதான்க்கா" என்றான்.

எல்லோர் முகத்திலும் கையிலும் இருக்கிற கிருமியாம் அது. முகப்பருவில் பங்கு உண்டு, மற்றபடி சாது. காற்றுப் புகாத வேருக்குள் இடம் கிடைத்துவிட்டால் வேறு ஆளாகிவிடுமாம். எப்படிப் போனது? ஷீட்டைக் கழற்றிய அந்த இரண்டு தடவையும்தான் போயிருக்க வேண்டும் என்கிறான். ஷீட் இல்லாததால் கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்தான். என் நெற்றியில் விழுந்த முடியை அதே கையுறையோடு ஒதுக்கிவிட்டது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

"வேற யார் கேட்டிருந்தாலும் கழட்டியிருக்க மாட்டேன். நீ கேட்டே, கழட்டிட்டேன்."

அது என் தோலிலிருந்து போனதா, உன்னுடையதா என்று கேட்டேன்.

"தெரியலக்கா. யாரோடதா வேணா இருக்கலாம்."

படிச்சவன்தானே, முன்னாடியே யோசிச்சிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். தலையை ஆட்டினான். இனி உன் பல்லை நான் தொட மாட்டேன் என்று வேறொரு டாக்டரின் முகவரியைக் கொடுத்தான். சாப்பிடாமல் போய்விட்டான்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன்? கழட்டச் சொன்னது யாரு? நான்தானே. ஆனா இத்தனை மாசமா வலியில செத்துப் பிழைச்சதும் நான்தானே — யார்மேல கோபப்படறதுன்னே தெரியல.

ஜூலை 10

புது டாக்டரம்மா சிரிக்கவே மாட்டார் போல. ஷீட்டைப் போட்டதும் கையைத் தூக்கினேன். "மூக்கால மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். விட்டேன். முடிகிறதே. சுத்தம் செய்து உள்ளே மருந்து வைத்து மூடியிருக்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் தம்பி வரவில்லை. போன் செய்தால் வேலை இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமையில். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "அவனை வெளியாள் முன்னாடி தலைகுனிய வச்சுட்டே" என்றார். அவனேதான் அனுப்பினான் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. பாத்திரங்கள் இன்று கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

ஆகஸ்ட் 7

கொப்புளம் வற்றிவிட்டது. பல்லை நிரந்தரமாக அடைத்தாகிவிட்டது. தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். 'நல்லது' என்று ஒரே சொல்.

நவம்பர் 15, சனி

எக்ஸ்ரேயில் வேரடியில் இருந்த கறுப்பு நிழல் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. முழுதும் மறைய இன்னும் மாதங்கள் ஆகுமாம். ஆகட்டும்.

அம்மாவுக்கும் ஒரு பல் ஆடுகிறது. தம்பி பார்க்க மாட்டேன் என்றுவிட்டான். வீட்டு ஆட்களை அந்த டாக்டரம்மாவிடமே அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டான். டாக்டர் பிள்ளையைப் பெற்றுவிட்டு யார் வாசலிலோ டோக்கனோடு உட்கார வேண்டுமா என்று அம்மா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

போனால் அங்கே தம்பி, எங்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தான். அம்மாவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சுவரில் சாய்ந்தவன் கொஞ்ச நேரத்தில் என் தோளில் சரிந்து தூங்கிப்போனான். அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் அசையப் போனேன்.

"இருடி, அவன் தூங்கட்டும்" என்று அம்மா தனியாகவே எழுந்து உள்ளே போனார்.