ஆளில்லாத தெரு

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ அனுப்பிய கேமரா கார்டு வந்து சேர்ந்தது. நாற்பது வருடத்துக்கு முன் நம் தெருவில் நான் எங்கெங்கே நின்று படம் எடுத்தேனோ, அங்கேயே நீயும் நின்றிருக்கிறாய். கோணம் பிசகவில்லை. தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது பெரிய விஷயம்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இரும்பு வார்ப்பாலை வாசல் படத்தில் எதற்கு இத்தனை பேர்? என் படத்தில் ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் திமுதிமுவென்று வருகிறார்கள். உன் படத்திலும் ஹெல்மெட்டும் பையுமாக ஒரு கூட்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் பார்க்கிறவனுக்கு என்ன புரியும்? நம் ஊர் நூலகக் கண்காட்சிக்கு 'அன்றும் இன்றும்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று அங்கே ஒன்றுமில்லை என்று தெரிய வேண்டாமா?

கார்டைத் திருப்பி அனுப்புகிறேன். விடிகாலையில் எடு. மூட்டுவலி இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன். போனில் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது, எழுதியே அனுப்பு.

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். உங்கள் முட்டிக்கு அண்ணி ஒத்தடம் கொடுக்கிறார்களா, அல்லது நீங்கள்தான் உட்கார மாட்டேன் என்கிறீர்களா?

ஹெல்மெட்காரர்கள் யாரோ இல்லை. வார்ப்பாலை இப்போது பார்சல் கிடங்கு. சாயங்காலம் பார்சல்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு கிளம்புவார்கள், பாதிப்பேர் பெண்கள். அதுவும் ஷிப்ட்தான் அண்ணா. சங்குதான் ஊதுவதில்லை.

ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டீர்கள். என் திரைச்சீலைக் கடை இருக்கிறது. எதிரே, ஆலை வாசலை ஒட்டிப் பேட்டரிக் கடை, அதன் மாடியில் நடனப் பள்ளி. ஆலை ஓடிய காலத்தில் துவைத்த துணியை வெளியே போட்டால் கரி படியும். அம்மா வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி, ஈரத்துக்கு நடுவே குனிந்து குனிந்து சமைப்பாள். உங்களுக்குப் பத்திரிகையில் வேலை கிடைத்துப் போய்விட்டீர்கள். நாங்கள் இருமிக்கொண்டு இருந்தோம்.

இருந்தாலும், நீங்கள் கேட்டீர்களே என்று ஆலை வாசலை ஞாயிறு விடிகாலையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பேட்டரிக்காரர் கடை திறக்க வந்தார். "கொஞ்சம் தள்ளிக்கோங்க, படத்துல விழுறீங்க" என்றேன்.

"என் கடை வாசல்ல நான் நிக்கக்கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு ஓரமாகப் போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்புடன்,
தங்கச்சி

மார்ச் 27

அன்புத் தங்கச்சிக்கு,

பிரமாதம். இதைத்தான் கேட்டேன். துருப்பிடித்த கேட், ஈரத் தரை, ஒரு ஜீவன் இல்லை.

மற்ற எல்லாவற்றையும் இப்படியே எடுத்துவிடு. நீ முதலில் எடுத்த உன் கடைப் படத்தில் ஷட்டர் பாதி திறந்து, உள்ளே பூப்போட்ட துணி தொங்கியது. முழுக்க இறக்கிவிட்டு எடு. கிடங்கின் பெயர்ப்பலகை தெரியாமல் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து நில். அம்மாவின் துணிக்கயிறு எனக்கும் தெரியும். அதையெல்லாம் படத்தில் காட்ட முடியாது, அதைப் புரிந்துகொள்.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

எல்லாம் எடுத்தாயிற்று. மூன்று நாள் விடியும் முன் எழுந்து, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் "கொஞ்சம் நில்லுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று கெஞ்சினேன். பால் வண்டிக்காரர் என்னைத் திட்டியதை எழுத முடியாது. நடன டீச்சர் மாடி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

இனிமேல் இடது பக்கம், வலது பக்கம் என்று எதுவும் எழுதாதீர்கள். நான் நகர்வதாக இல்லை.

தங்கச்சி

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூலகக் கூடத்தில் கண்காட்சி நடக்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து போனோம். உங்கள் பழைய படங்கள் முன்னால் நிறையப் பேர் நின்றார்கள். அடுத்த படத்துக்கு வந்ததும் "ஐயோ பாவம், செத்தே போச்சு" என்றார் ஒருவர். நடன டீச்சர் என் காதருகே வந்து, "அப்ப நாம யாரு?" என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வாரம் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நம் தெரு பயன்பாடில்லாத பகுதியாம். இடித்துவிட்டு லாரி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்களாம். ஆதாரமாக மூன்று படம் சேர்த்திருக்கிறார்கள். மூன்றும் நம்முடையவை. கண்காட்சியில் போட்டபடியே கீழே உங்கள் பெயர்.

இருபதாம் தேதி எங்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். உங்களிடம் இரண்டே உதவி. அந்தப் படங்கள் விடிகாலையில், ஆட்களை விலக்கிவிட்டு எடுத்தவை என்று ஒரு வரி எழுதிக்கொடுங்கள். நான் முதலில் எடுத்த, ஆட்கள் இருக்கும் படங்களையும் அனுப்புங்கள். கார்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பீர்கள்.

தாமதிக்க வேண்டாம்.

தங்கச்சி

ஜூன் 13

அன்புத் தங்கச்சிக்கு,

படித்ததும் ஆடிப்போய்விட்டேன். இப்படி ஆகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஆனால் நான் எதை எழுதுவது? ஆளை விரட்டிவிட்டு எடுத்த படம் என்று நானே கையெழுத்துப் போட்டால், இத்தனை வருடம் எடுத்த எந்தப் படத்தை நம்புவார்கள்? அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் தெரு அப்படித்தான் இருந்தது.

முதல் படங்கள் என்னிடம் இல்லை. கார்டை அனுப்பும் முன்பே அழித்துவிட்டேன். உபயோகப்படாது என்று நினைத்தேன்.

தெருவுக்கு ஏதாவது ஆனால் இங்கே வந்துவிடு. ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. அண்ணியும் சொல்கிறாள்.

அண்ணன்

ஜூன் 24

அண்ணாவுக்கு,

விசாரணை முடிந்தது. அதிகாரி உங்கள் படத்தை எடுத்துக் காட்டி, "இதுல ஒருத்தரும் இல்லையேம்மா" என்றார்.

"இல்லாம பண்ணது நான்தான் சார்" என்றேன்.

"யார் சொல்லி?"

பேட்டரிக்காரரும் டீச்சரும் என்னையே பார்த்தார்கள். "எங்க அண்ணன் சொல்லி" என்றேன். உங்கள் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அதிகாரி நேரில் வந்தார். பார்சல் வண்டிகளுக்கு நடுவே அவர் ஜீப் மாட்டிக்கொண்டது. இறங்கி நடந்தே பார்த்தார். நோட்டீஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரத்து செய்யவில்லை, மறுபடி அளப்பார்களாம். இப்போதைக்கு மூச்சு விடுகிறோம்.

விஷயம் தெரிந்து நூலகத்தில் படங்களைக் கழற்றிவிட்டார்கள், உங்கள் பழைய படங்களையும் சேர்த்து. அது எனக்கு வருத்தம்தான். அவை நல்ல படங்கள். அறைக்கு நன்றி, எனக்கு வேண்டாம்.

நேற்று அண்ணி போன் செய்தார்கள். "அவர் இனிமே உன்கிட்ட பேசமாட்டாராம். நீ எழுதினாலும் படிக்கமாட்டாராம்" என்றார்கள். "சரி அண்ணி" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அழுகை வந்தது. கடைக்கு ஒரு அம்மா ஜன்னல் அளவோடு வந்து நின்றார்கள், அடுத்து இன்னொருவர். அதனால் முழுசாக அழவும் முடியவில்லை.

தங்கச்சி