தள்ளிவைத்த திருநாள்

ஒஹையோ
செப்டம்பர் 24

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "ம்" என்கிறாய், மறுபடி கேட்டால் லைன் போய்விடுகிறது. அலாஸ்காவில் சுரங்க லாரி பழுது பார்க்கிறவர்களுக்குக் காகிதம் பேனாவாவது கிடைக்கும் அல்லவா? அதனால் இனி கடிதம்தான்.

இலையுதிர்காலத்துக்காக வாசலை அலங்கரித்துவிட்டேன். மரத்தில் இலை இன்னும் பழுக்கக்கூட இல்லை. என்ன செய்ய, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தூண்களில் சோளத்தட்டைக் கட்டு, படிக்கு ஒன்றாகப் பரங்கிக்காய், கதவில் சிவப்பு இலை வளையம். உன் நாற்காலியில் ஒரு வைக்கோல் பொம்மை. அதற்கு உன் கட்டம் போட்ட சட்டையை மாட்டியிருக்கிறேன். ஹேடி பள்ளிக்குப் போகும்போது அதற்கு டாட்டா காட்டுகிறாள். "பதிலே சொல்ல மாட்டேங்குதும்மா," என்றாள். "அப்பா சட்டையைப் போட்டா அப்படித்தான்," என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

நவம்பரில் நன்றித் திருநாளுக்கு வந்துவிடுவேன் என்று நீ சொன்னதை அவள் மறக்கவில்லை. நானும்தான். அன்றைய விருந்துக்கு இப்போதே வான்கோழி வாங்கி உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

உன் வழியையே பார்த்திருக்கும்
ஜெனெல்

*

அலாஸ்கா
நவம்பர் 12

என் ஜெனெலுக்கு,

பெரிய லாரி ஒன்று படுத்துவிட்டது. பிரித்துப் போட்டிருக்கிறோம். ஆளை விட மாட்டேன் என்கிறார்கள். திருநாளுக்கு வர முடியாது. ஜனவரியில் நிச்சயம்.

ஒன்று கேட்கிறேன். திருநாளைத் தள்ளிவை. அது நவம்பரில்தான் வர வேண்டுமென்று என்ன கட்டாயம்? நான் வருகிற நாள்தான் நம் வீட்டுக்கு நன்றித் திருநாள். ஹேடியிடமும் அப்படியே சொல். வாசலில் ஒன்றையும் கழற்றாதே. வரும்போது நீ எழுதியபடியே எல்லாம் இருக்க வேண்டும்.

அந்த வைக்கோல்காரனை என் நாற்காலியில் ரொம்பச் சாய்ந்து உட்கார விடாதே.

உன்
ரஸ்ஸல்

*

ஒஹையோ
ஜனவரி 20

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

தெரு முழுக்கக் கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிந்து, அவற்றைக் கழற்றியும் வைத்தாகிவிட்டது. நம் வாசலில் மட்டும் இன்னும் இலையுதிர்காலம். பரங்கிக்காய்கள் உறைந்து கல்லாகிவிட்டன. எதிர்வீட்டு மார்ஜ், "ஏம்மா, உங்க வீட்ல காலண்டர் பார்க்கற வழக்கமே இல்லையா? என்கிட்ட ஒண்ணு அதிகமா இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டு, மறுநாளே கொண்டுவந்தும் கொடுத்தாள். அவள் எதிரே சிரித்துவைத்தேன். உள்ளே வந்து அழுதேன்.

ஹேடி கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரிக்கவே இல்லை. "நன்றித் திருநாளே இன்னும் வரல, அதுக்குள்ள கிறிஸ்துமஸ் எப்படி வரும்?" என்கிறாள். பள்ளியிலும் இதையே சொல்லிக் கேலிக்கு ஆளாகியிருக்கிறாள்.

நேற்று மளிகைக் கடையில் டெல்பர்ட்டைப் பார்த்தேன், உன்னோடு வேலை செய்கிறவன். லீவில் வந்திருக்கிறானாம். "ரஸ்ஸலை ஏன் விட மாட்டேங்கறாங்க?" என்றேன். விழித்தான். "யாரு விடல? அந்த லாரி நவம்பர்லயே ஓட ஆரம்பிச்சிருச்சே. அவன்தான் நான் இருக்கேன்னு கூடுதல் வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டு இருக்கான்." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முட்டைக்கோஸைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி நகர்ந்துவிட்டான்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வருகிறாயா, இல்லையா? ஹேடிக்கு நான் ஒரு தேதி சொல்ல வேண்டும்.

இன்னும் காத்திருக்கும்
ஜெனெல்

*

அலாஸ்கா
பிப்ரவரி 16

ஜெனெல்,

டெல்பர்ட் சொன்னது உண்மைதான். வேறு பெண், குடி என்று எதையும் கற்பனை செய்யாதே. எனக்கு எங்கேயும் கால் தரிக்கவில்லை, அவ்வளவுதான். அங்கே சாப்பாட்டு மேசையில்கூடக் கார் சாவியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, நீ பார்த்ததுதானே. இங்கே இருந்தால் வீட்டு நினைப்பு. வீட்டில் இருந்தால் மூச்சு முட்டுகிறது.

ஜூலையில் வரப் பார்க்கிறேன். அதுவரை வாசல் அப்படியே இருக்கட்டும். அது அங்கே அப்படியே இருக்கிறது என்ற நினைப்பில்தான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது.

ரஸ்ஸல்

*

ஒஹையோ
மார்ச் 11

ரஸ்ஸலுக்கு,

நீ தூங்குவதற்காக நாங்கள் இங்கே இலையுதிர்காலத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

பனி உருகியதும் பரங்கிக்காய்கள் கூழாகிப் படியில் வழிந்தன. மண்வாரியால் அள்ளிக் கொட்டினேன். சோளத்தட்டைகளை மார்ஜ் வந்து அவிழ்த்தாள், ஒரு கேலியும் பேசாமல். பொம்மையைத் தொட எனக்குத்தான் கை வரவில்லை. ஹேடியே போய்ச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். "இவரு இங்கேயே உக்காந்து உக்காந்து அலுத்துப்போயிருப்பாரு. போகட்டும்மா," என்றாள். அவள் உன்னைச் சொன்னாளா பொம்மையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

நேற்று அந்த வான்கோழியைச் சமைத்தேன். கொஞ்சம் வறண்டுதான் போயிருந்தது. மார்ஜையும் கூப்பிட்டோம். சாப்பிட்டதும் ஹேடி கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரித்தாள். "அப்போ இன்னிக்கு எந்தப் பண்டிகைடி, நன்றித் திருநாளா, கிறிஸ்துமஸா?" என்று மார்ஜ் கேட்டாள். ஹேடி கொஞ்சம் யோசித்தாள். பிறகு மார்ஜ் தந்த காலண்டரில் "நாங்க சாப்பிட்ட நாள்" என்று எழுதினாள். அடுத்த வருடமும் இதே நாளில் கொண்டாட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹேடியைப் பார்க்க நீ எப்போது வந்தாலும் கதவைத் திறப்பேன். ஆனால் எந்த நாளையும் இனி உனக்காகத் தள்ளிவைக்க மாட்டேன்.

சட்டையைத் துவைத்து இத்துடன் அனுப்புகிறேன். பையில் வைக்கோல் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். உதறிவிட்டுப் போட்டுக்கொள். அங்கே இன்னும் குளிராகத்தான் இருக்கும்.

ஜெனெல்